மூக்கி சாப்பிடும்போது திரும்பி நில்லுங்கள்

அந்தக் குதிரை லாயத்தில் "ஊறலக்கா" என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் திகைத்து, அக்காவின் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்னே, ஊறல் என்றால் சாராயம் காய்ச்சப் பானையில் போட்டு மூடி வைப்பதுதானே ஞாபகம் வரும்!

அக்கா போட்டது வேறு ஊறல். பீட்ரூட் மாதிரியான ஒரு கிழங்கிலிருந்து சர்க்கரையைப் பிழிந்தபின் மிஞ்சும் காய்ந்த சக்கை, கோதுமைத் தவிடு, நறுக்கிய குதிரைமசால் தழை, துளி உப்பு. இவற்றை டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டு மூடினால், கல்லு மாதிரி இருந்த சக்கை மறுநாள் மெத்தை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். குதிரை அதைச் சாப்பிட்டால் தீனியோடு தண்ணீரும் வயிற்றுக்குள் போய்விடும். நெடுந்தூரம் ஓடுகிற குதிரைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

லாயத்துக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஓர் ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் இருந்தார். கஞ்சி காய்ச்சுவது, வார்டு வார்டாகத் தட்டுக் கொண்டுபோவது. அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நோயாளியின் முன்னால் தட்டை வைத்துவிட்டு, உடனே பக்கத்துச் சன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நர்சுகளுக்குச் சிரிப்பாக இருக்கும். "இந்தம்மாவுக்குச் சன்னல் பைத்தியம்" என்பார்கள். சமையல்கட்டை வெளியாள் யாருக்கோ குத்தகைக்கு விட்டபோது அக்காவுக்கு வேலை போனது. லாயத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர், "மனுஷனுக்குச் சமைச்சு என்ன நல்ல பேர் வாங்கின? குதிரை உப்பு பத்தலைன்னு குறை சொல்லாது, வா" என்று கூட்டிவந்தார்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. குறை சொல்லத் தெரிந்த குதிரை ஒன்று அங்கே இருந்தது.

அதன் பெயர் மூக்கி. செம்பட்டை நிறத்துப் பெட்டைக் குதிரை. எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்க்கும். பழைய தவிடா, புதுத் தவிடா, பாத்திரம் கழுவிய சோப்பு மாறியிருக்கிறதா, எல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரைப் போலத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அதன் மேல் சவாரி செய்கிறவள் அக்காவின் நாத்தனார். வயது முப்பதைத் தொட்டும் வீட்டில் அவள் பாப்பாதான்.

நெடுந்தூரச் சவாரி என்பது பந்தய மைதானத்தில் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற சமாச்சாரம் இல்லை. விடியும்போது கிளம்பி, மேடு, பள்ளம், ஓடை, வயல்வரப்பு என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சாயங்காலம்தான் முடியும். வழியில் இரண்டு இடத்தில் கட்டாயம் நின்று இளைப்பாற வேண்டும். அங்கே கால்நடை டாக்டர் காத்திருப்பார். நெஞ்சுத் துடிப்பு அடங்கியதா, கால் நொண்டுகிறதா என்று பார்த்துவிட்டு, விலாவுக்குக் கீழே குழாயை வைத்து வயிற்றைக் கேட்பார். நல்லபடியாக இருக்கும் குதிரையின் வயிறு சும்மா இருக்காது. குடகுடவென்று எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு நின்றுவிட்டால் ஆபத்து. அந்தக் குதிரையை மேற்கொண்டு ஓட விடமாட்டார்கள்.

மூக்கியின் வயிறு இரண்டு சவாரிகளில், இரண்டாவது நிறுத்தத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது. முதல் தடவை வெயிலின் மேல் பழியைப் போட்டார்கள். இரண்டாம் தடவை டாக்டரம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காலையில என்ன கொடுத்தீங்க அக்கா?"

"பெரிய பாத்திரம் நிறைய ஓட்ஸ் டாக்டர். நாள் பூரா ஓடப்போற உடம்பு. அரை வயித்தோட அனுப்ப மனசு வருமா?"

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஓட ஆரம்பிச்சா ரத்தமெல்லாம் காலுக்குப் போயிடும் அக்கா. தானியம் அப்படியே வயித்துல உக்காந்துக்கும். புல்லும் தண்ணியும்தான் வயித்தை நடக்க வைக்கும். டீக்கடை பாய்லர் இருக்கில்ல, ஒரேயடியா கரியைக் கொட்டினா அணைஞ்சிடும். கொஞ்சம் கொஞ்சமா, விடாம போட்டுக்கிட்டே இருக்கணும்."

"அட, ஆபரேஷன் ஆனவங்களுக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி!"

"அதே மாதிரிதான்."

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் மனசு கனத்துப்போனது. ஆசை ஆசையாகத் தான் அள்ளிப்போட்டதுதான் மூக்கியை நிறுத்தியிருக்கிறது. அதற்குள் லாயத்து முதலாளியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற அதே மென்மையான குரலில் சொன்னார்: "இன்னும் ஒரு தடவை பார்ப்போம் அக்கா. அப்பவும் பாதியில நின்னுட்டா, பூங்காக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார், கொடுத்துடலாம். குழந்தைங்களை ஏத்திக்கிட்டு ஒரே வட்டத்துல சுத்தி வரட்டும்."

ஒரே வட்டத்தில்! காற்றடித்தால் காதை நிமிர்த்திக்கொண்டு வயல்வெளியைப் பார்த்துத் துள்ளும் மூக்கி, பூங்காவில் ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதை நினைத்துப் பார்க்கவே அக்காவால் முடியவில்லை.

அன்றிலிருந்து அக்கா மூக்கிக்குப் பின்னாலேயே அலைந்தார். பொழுதுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறல். ஆழமான பக்கெட்டுக்குள் தலையை விட்டால் சுற்றுமுற்றும் பார்க்க முடியாதென்று அது மிரள்வதைக் கவனித்து, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட அகலமான இரும்புத் தட்டு ஒன்றை வாங்கி வந்தார். அதில் வைத்தால் மூக்கி கண்ணை உருட்டிக்கொண்டே சாப்பிட்டது. பாப்பா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தட்டு ஏந்திட்டு வந்திருக்கீங்களா அண்ணி?" என்றாள்.

"நீ கூப்பிடறதுக்கு முன்னாடியே அடுப்படிக்கு வந்து நிக்கிறவ. உனக்கெதுக்கு ஏந்தணும்?"

சவாரி நாள் வந்தது. காலையில் மூக்கிக்குக் காய்ந்த புல்லும் இரண்டு கை ஊறலும்தான். ஓட்ஸ் மூட்டை இருந்த பக்கம் அக்கா திரும்பவே இல்லை. முதல் நிறுத்தத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூக்கி தட்டை வழித்து நக்கியது, டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார், பாப்பா மறுபடி ஏறிப் போய்விட்டாள். அக்காவும் வீட்டுக்காரரும் இரண்டு டிரம் ஊறலோடு இரண்டாவது நிறுத்தத்துக்கு வேனில் கிளம்பினார்கள். குதிரை போகிற பாதை வேறு, வேன் போகிற ரோடு வேறு.

ரோட்டில் ஒரு சோதனைச் சாவடி. வேன் நின்ற அதே சமயத்தில் இரண்டாவது நிறுத்தத்தில் காத்திருந்த முதலாளியிடமிருந்து போன். வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊறல் எப்படி இருக்கு அக்கா?"

அக்கா டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சந்தோஷமாக உரக்கச் சொன்னார்: "பிரமாதம் சார்! நேத்தே போட்டது, ரெண்டு டிரம்மும் நுரைச்சுக்கிட்டு நிக்குது. வாசனை ரோடு வரைக்கும் வருது. ஒரு வாய் உள்ள போச்சுன்னா நூறு கிலோமீட்டர் நிக்காம ஓடலாம்!"

சன்னலுக்கு வெளியே ஒரு போலீஸ்காரரின் மீசை மெல்ல உள்ளே வந்தது.

"என்னம்மா அது?"

"ஊறல் சார்."

பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தைரியமா சொல்றியே! யாருக்கு?"

"மூக்கிக்கு சார்."

"யாரது மூக்கி? பெரிய கையா?"

"குதிரை சார்."

"குதிரைக்கு ஊறலா? குடிச்சிட்டு ஓடுமாக்கும்?" போலீஸ்காரர் மூடியைத் திறந்தார். வேன் குலுங்கியதில் நுரை கட்டிக்கொண்டு, இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை குப்பென்று அவர் முகத்தில் அடித்தது. அவர் கண் அகலமாகிவிட்டது.

வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்தார். "சார், இது தவிடு. நான் சாப்பிட்டே காட்டறேன்" என்று ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார்.

"ஓகோ, அப்ப பழக்கம்தான்."

"ஐயோ, அப்படி இல்ல சார்..."

"இங்க பாருங்க," போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. பார்த்தாலே தெரிந்தது. "போன மாசம் பழ வண்டின்னு சொன்னதை நம்பி ஒண்ணை விட்டேன். அடியில பூரா சரக்கு. எங்க ஸ்டேஷன் பெரியவர் என்னை உலுக்கி எடுத்துட்டார். இதை அவர் வந்து பார்க்கட்டும். அது வரைக்கும் வேனும் டிரம்மும் இங்கேயே இருக்கும்."

"அவர் எப்ப வருவார் சார்?"

"வரும்போது வருவார்."

"அப்ப ஒரே ஒரு பக்கெட் மட்டும் எடுத்துக்கறேன். அங்க குதிரை வந்து பசியோட நிக்கும் சார்."

"ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. சாட்சிப் பொருள்."

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூக்கி இந்நேரம் ஓடையைத் தாண்டியிருக்கும். வந்து நிற்கும்போது தட்டு காலியாக இருந்தால்? பின்னால் சவாரிக்கு வந்த இன்னொரு அணியின் வண்டி வருவதைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். இரும்புத் தட்டு, ஒரு கதிர் அரிவாள், மதியத்துக்கென்று வைத்திருந்த பன். இவ்வளவுதான் கையில். "ஏங்க, நீங்க இங்கேயே இருங்க. ஆனா வாயை மட்டும் திறக்காதீங்க, பேசறதுக்கும் சரி, சாப்பிடறதுக்கும் சரி" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

இரண்டாவது நிறுத்தம் ஒரு பள்ளிக்கூட மைதானம். விடுமுறை நாள் என்பதால் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. அக்கா இறங்கவும் மூக்கி வந்து சேரவும் சரியாக இருந்தது. கழுத்திலும் விலாவிலும் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. தண்ணீரைக் குடித்தது. நெஞ்சுத் துடிப்பும் சீக்கிரமே அடங்கியது. டாக்டரம்மா விலாவுக்குக் கீழே குழாயை வைத்தார். ஓர் இடத்தில் கேட்டார். இன்னோர் இடத்தில் கேட்டார். புருவம் நெளிந்தது.

"சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. சாப்பிட வைங்க அக்கா. கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி கேட்பேன். அப்பவும் இப்படியே இருந்தா அனுப்ப முடியாது."

பாப்பா சுற்றிலும் தேடினாள். "அண்ணி, ஊறல் எங்க? அண்ணன் எங்க?"

"ரெண்டும் போலீஸ்ல இருக்கு. அப்புறம் சொல்றேன்."

பக்கத்து அணிக்காரர் பெரிய மனசோடு தன் பக்கெட்டை நீட்டினார். மூக்கி ஒருமுறை மோந்தது. உதட்டைச் சுருட்டியது. மாப்பிள்ளை வீட்டாரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னொருவர் கேரட் கொண்டுவந்தார். அதற்கும் அதே மரியாதைதான்.

அக்கா மைதானத்தைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற மூலையில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்குப் பசேலென்று நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். சர்ரு சர்ரென்று அறுத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டத் தட்டில் பரப்பி மூக்கியின் முன்னால் வைத்தார்.

மூக்கி மோந்தது. இந்தத் தடவை உதட்டைச் சுருட்டவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. தலையைத் தூக்கி முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

அங்கே ஒரு கூட்டமே நின்றது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பாப்பா மண்டியிட்டு, "சாப்பிடுடி, ஒரு வாய் சாப்பிடுடி தங்கம்" என்று கெஞ்சினாள். பக்கத்து அணிக்காரர், அவருடைய ஆட்கள், டாக்டரம்மாகூட, எல்லாக் கண்ணும் மூக்கியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

அக்காவுக்கு எங்கேயோ பார்த்த காட்சியாகத் தோன்றியது. எங்கே? ஆஸ்பத்திரியில்! கட்டிலைச் சுற்றி மாமா, சித்தி, மச்சான் என்று மொத்தக் குடும்பமும் நின்று "சாப்பிடு, சாப்பிடு" என்று வாயைப் பார்க்கும்போது, நடுவில் இருக்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாரே, அதே காட்சி. இத்தனை நாள் லாயத்தில் மூக்கிக்குத் தட்டை வைத்துவிட்டு அக்கா என்ன செய்வார்? முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்மைக் கழுவுவார். வேறு யாரும் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க!" என்றார் அக்கா.

"என்ன?" என்றார் முதலாளி.

"திரும்பி நில்லுங்க சார். யாராவது நம்ம வாயையே பாத்துக்கிட்டு நின்னா நமக்குச் சோறு இறங்குமா? பாப்பா, எழுந்திரு. நீயும்தான். டாக்டர், கோவிச்சுக்காதீங்க, நீங்களும்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முதலில் திரும்பியவர் அவர்தான். பிறகு முதலாளி, பாப்பா, பக்கத்து அணிக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி வரிசையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா குதிரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார். துடைக்கச் சன்னல் இல்லை. அரிவாளில் ஒட்டியிருந்த புல்லை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு காக்கை கத்தியது. பாப்பா மெதுவாக, "அண்ணி..." என்றாள்.

"உஷ்."

பின்னால் தட்டு லேசாக நகர்ந்தது. பிறகு நறுக். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. மறுபடியும் நறுக், நறுக், நறுக்.

முதலாளியின் தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்து வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. பெரியவர் வந்து மோந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். மனசு கேட்காமல் போலீஸ்காரரும் கூடவே வந்துவிட்டார், டிரம் மூடி திறந்துகொள்ளாமல் வழி முழுக்கக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. இறங்கியவர் அந்த வரிசையைப் பார்த்து அரண்டுபோனார்.

"ஏன் எல்லாரும் சுவத்தைப் பார்த்து நிக்கறீங்க? என்ன ஆச்சு?"

"அவ சாப்பிடறா. பார்க்காதீங்க" என்றாள் பாப்பா, தலையைத் திருப்பாமல்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய்த் திரும்பி நின்றார். வீட்டுக்காரர் சத்தம் போடாமல் ஒரு பக்கெட் ஊறலை எடுத்து வந்து, பின்பக்கமாகவே நடந்து தட்டில் கொட்டினார். பாதி அவர் செருப்பில் விழுந்தது. மூக்கி அதையும் விடவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. டாக்டரம்மா மறுபடி விலாவுக்குக் கீழே குழாயை வைத்தார். அவர் காதிலிருந்து குழாயைக் கழற்றி அக்காவின் காதில் மாட்டினார்.

அக்கா அதுவரை அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில், மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்வது மாதிரி, குடகுடவென்று உருண்டு வந்தது. நின்றது. மறுபடி உருண்டது. உலை கொதிக்கிற சத்தம். அக்காவுக்குத் தெரிந்த சத்தம்தான்.

"இது போதுமா டாக்டர்?"

"போதும் அக்கா. அனுப்பலாம்."

மீதித் தூரத்தை மூக்கி அவசரப்படாமல் ஓடியது. பாப்பாவும் அதை விரட்டவில்லை. ஓடைக்கரையில் புல்லைக் கண்ட இடத்தில் இறங்கி, இரண்டு வாய் மேயவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டாள். அதனால் ஜெயித்தவர்கள் குளித்துத் தலை சீவிய பிறகுதான் அவர்கள் முடிவுக் கோட்டுக்கு வந்தார்கள். வெயில் சாய்ந்து நிழல் நீண்டிருந்தது. கடைசிச் சோதனையில் டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார், வயிற்றைக் கேட்டார். பிறகு பாப்பாவின் முதுகில் தட்டினார். மூக்கி முதல் தடவையாக ஒரு சவாரியை முழுசாக முடித்திருந்தது.

முதலாளி ஓரமாகப் போய்ப் போனைக் காதில் வைத்தார். ஓரமாகப் போனாரே தவிர, குரல் எல்லாருக்கும் கேட்டது. "இல்லைங்க, குதிரையைக் கொடுக்கிறதா இல்ல. குழந்தைங்களைச் சுமக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, எங்க வேன் டிரைவர் இருக்கார். நல்ல முதுகு. தவிடு போட்டாப் போதும், சாப்பிட்டுக்குவார்."

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்து, "சிரிக்காத" என்றார். அக்கா சிரிப்பை அடக்க மூக்கியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உப்பு வாடை. புல் வாடை. கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது என்று கேட்டால், உப்பு பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

டாக்டரம்மாதான் கவனித்தார். "அக்கா, காலையிலேருந்து நீங்க என்ன சாப்ட்டீங்க?"

அக்கா யோசித்தார். பன் ஒன்று இருந்ததே. மைதானத்தில் உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தோமே, திரும்பிப் பார்த்தபோது இல்லையே! மூக்கி கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டது.

பாப்பா ஓடிப்போய் ஒரு தட்டில் ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து அக்கா மடியில் வைத்தாள். டியூட்டி முடிந்து மோட்டார்பைக்கில் வந்திருந்த போலீஸ்காரர் தன் பங்குக்கு ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். "சாப்பிடுங்க அக்கா, சாப்பிடுங்க" என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். ரொட்டியைப் பிய்த்த கை கூச்சத்தில் வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "எல்லாரும் திரும்பி நில்லுங்க!"

போலீஸ்காரர்தான் முதலில் திரும்பினார். டாக்டரம்மா, முதலாளி, வீட்டுக்காரர், ஒவ்வொருவராக முதுகைக் காட்டினார்கள்.

மூக்கி மட்டும் திரும்பவில்லை. அதன் கண் தட்டின் மேலேயே இருந்தது.